முதலில் தட்டிய கை

உட்காருங்கள் தம்பி, இடம் இருக்கிறது. பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். ஆலங்குளமா? நான் சத்திரப்பட்டியில் இறங்கிவிடுவேன். அப்புறம் நீங்கள் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொள்ளலாம். இரண்டு ஐந்துக்கு எடுக்க வேண்டிய வண்டி, இரண்டு ஏழுக்குத்தான் எடுத்திருக்கிறான். இரண்டு நிமிஷம்தானே என்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

முப்பத்தொரு வருஷம் தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பராக இருந்தேன். பஸ் ஸ்டாண்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதுகிற வேலை. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. எண்ணுவதற்கு அது போதும். பேச்சு எனக்கு வராது. ஏறினதிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறானே என்று பார்க்கிறீர்களா? இன்றைக்கு மட்டும்தான். இன்னும் இருபத்தைந்து நிமிஷத்தில் ஒரு பெண்ணிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதை இதுவரை வாயால் யாரிடமும் சொன்னதில்லை. முன்பின் தெரியாத உங்களிடம் ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாமா என்று நினைக்கிறேன். தூக்கம் வந்தால் தூங்குங்கள், வருத்தப்பட மாட்டேன்.

ராஜபாளையத்தில் எங்கள் தெரு முனையில் ஒரு வாசகசாலை இருக்கிறது. அதன் மாடியில் மாதாமாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை, கவிதை வாசிப்பு நடக்கும். ஞாயிறு மேடை என்று பெயர். எஸ்தர் டீச்சர் என்று அரசுப் பள்ளியில் தமிழ் எடுக்கிற அம்மா ஆரம்பித்தது. தலைமை தாங்குவது, முன்னிலை வகிப்பது, பொன்னாடை போர்த்துவது ஒன்றும் கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம். வந்து பட்டியலில் பெயர் எழுத வேண்டும். கூப்பிட்டதும் மைக் முன்னால் போய்த் தன் கவிதையை வாசிக்க வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிஷம்.

நான் கீழே பேப்பர் படிக்கப் போகிறவன். ஒரு நாள் மாடியில் என்ன சத்தம் என்று பார்க்கப் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்புறம் மாதாமாதம் போனேன். மூன்றாவது மாதம் எஸ்தர் டீச்சர் பக்கத்தில் வந்து, "மணி என்ன அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"நாலு இருபத்தாறு. அந்தத் தம்பி ஏறி ஏழு நிமிஷம் ஆச்சு" என்றேன்.

"அடடே, ஆளு கிடைச்சாச்சு!" என்று சிரித்தார். அடுத்த மாதமே முன்வரிசைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மேசை போட்டுவிட்டார்கள். ஒரு நோட்டு, ஒரு மேசை மணி. மூன்று நிமிஷம் ஆனதும் மணியைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

இந்த மார்ச் வரை பதினான்கு மாதம் அந்த வேலை பார்த்தேன். இருநூற்று இருபத்தேழு பேர் வாசித்தார்கள். மணியை நான் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை.

ஏன் என்று கேட்கலாம். மணி அடித்தால், அடித்தவன் யார் என்று சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். எனக்கு அது ஆகாது. ஒரு துண்டுச் சீட்டில் 'நேரம்' என்று எழுதி, வாசிக்கிறவர் கண்ணில் படும்படி ஓரமாகப் பிடிப்பேன். பாதிப் பேர் பார்த்துவிட்டு முடித்துவிடுவார்கள். மீதிப் பேர் பார்க்க மாட்டார்கள். பாத்திரக்கடை தர்மலிங்கம் பார்ப்பார், தலையாட்டுவார், தொடர்ந்து வாசிப்பார். மாதாமாதம் வடையும் டீயும் அவர் கடையிலிருந்துதான் வரும். அவரைப் போய் என்ன செய்வது? என் நோட்டில் மட்டும் எழுதிவைப்பேன். ஒன்பது நிமிஷம். எட்டரை நிமிஷம். அந்த மார்ச் மாதம் பதினோரு நிமிஷம்.

அந்த மார்ச் மாதத்தைத்தான் சொல்ல வந்தேன்.

அன்று பட்டியலில் பதினெட்டுப் பெயர். பதினேழாவது குருவம்மாள், சத்திரப்பட்டி. புதுப் பெயர். நாற்பத்தைந்து வயது இருக்கும். பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறியில் வேலை. ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுகிற வெள்ளைத் துணி இருக்கிறதல்லவா, அது. ஐந்து ஐம்பத்தொன்றுக்கு மைக் முன்னால் வந்தாள். கையில் நான்காக மடித்த இரண்டு தாள். வணக்கம் சொன்ன சத்தத்தில் மைக் கூவியது. தறி ஓடுகிற இடத்தில் இருபது வருஷம் இருந்தவர்களுக்கு மெதுவாகப் பேச வராது, கத்தித்தான் பேசுவார்கள். அப்போது எனக்கு அது தெரியாது. பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

விரலை எழுத்துக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு சொல்லாகத்தான் வாசித்தாள். மூன்று நிமிஷம் ஆனபோது முதல் தாள்கூட முடியவில்லை. சீட்டைக் காட்டினேன். தாளைவிட்டு அவள் தலை நிமிரவே இல்லை. மூன்றேகால். மூன்றரை. ஆறு மணிக்குக் கீழே பூட்ட வேண்டும். விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே தம்பி? மூன்று நிமிஷம் என்றால் மூன்று நிமிஷம். நான் சொல்வதில் தப்பு இல்லையே?

மூன்று நிமிஷம் நாற்பதாவது விநாடியில் அவள் ஒரு வரி சொன்னாள்.

"நான் நெய்த துணி யாரு காயத்தைக் கட்டுதோ, எனக்குத் தெரியாது."

நான் கை தட்டினேன்.

எதற்குத் தட்டினேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் எத்தனையோ பொதுக்கூட்டம் பார்த்திருக்கிறேன். பேசுகிறவர் நீட்டிக்கொண்டே போனால் கூட்டத்தில் ஒருவன் தட்டுவான். பக்கத்தில் இருப்பவன் தட்டுவான். அப்புறம் எல்லாரும் சேர்ந்து தட்டு தட்டு என்று தட்டுவார்கள். பேசுகிறவர் சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. மணிக்கும் கைத்தட்டலுக்கும் அதுதான் வித்தியாசம்.

ஆனால் குருவம்மாள் எந்தக் கூட்டத்தைக் கண்டாள்? மேடையில் ஒரு வரிக்குக் கை தட்டினால், அந்த வரியை இன்னொரு தடவை சொல்வது வழக்கம். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கேயோ, டிவியில் பார்த்திருப்பாள். தலையை நிமிர்த்தினாள். முகமெல்லாம் மலர்ந்துபோய், "நன்றிங்க" என்றாள். அந்த வரியை மறுபடி சொன்னாள்.

இப்போது பின்வரிசையும் சேர்ந்து தட்டியது. அவள் இன்னொரு தடவை சொன்னாள். சபை முழுக்கத் தட்டியது. சிரிப்பு, ஒரு விசில். இன்னொரு தடவை சொன்னாள். மொத்தம் நான்கு தடவை. நான்காவது தடவை சொல்லும்போது குரல் பாதியில் இறங்கியது. ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தாள். தாளை மடித்தாள், நான்காக. இரண்டாவது தாளைத் தொடவே இல்லை. கும்பிட்டுவிட்டு இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள்.

எஸ்தர் டீச்சர் மைக்கைப் பிடித்தார். அவர் கோபப்பட்டு நான் அன்றுதான் பார்த்தேன்.

"யாரு ஆரம்பிச்சது? எனக்கு இப்பத் தெரியணும். ஒரு பொம்பள தறிக்கு லீவு போட்டு, பஸ் ஏறி, நம்மள நம்பி வந்திருக்கா. அவளைப் பாதியில உட்கார வைக்க இங்க யாருக்கு உரிமை இருக்கு?"

எல்லாரும் கோட்டைச்சாமியைப் பார்த்தார்கள். கோட்டைச்சாமி பெயிண்டர். நகக்கண்ணில் எப்போதும் ஒரு வர்ணம் இருக்கும். இரண்டு வரியில் கவிதை சொல்வான், எல்லாருடைய கவிதைக்கும் விசில் அடிப்பான். சத்தம் என்றால் அவன்தான்.

"என்ன, எல்லாரும் என்னையவே பாக்கீக? விசில் அடிச்சது நான்தான். தட்டுனேன், இல்லைங்கல. நல்ல வரின்னுதான் டீச்சர் தட்டுனேன். ஆனா ஆரம்பிச்சது நான் இல்ல. முன்னால இருந்துதான் வந்துச்சு."

"முன்னால யாருப்பா? தர்மலிங்கம் சாரா?" என்றார் ஒருவர்.

"இல்லன்னா டைம் கீப்பர் அண்ணாச்சியா இருக்கும்!" என்றார் இன்னொருவர்.

சபை சிரித்தது. நான் தட்டுவதாவது! நானும் சிரித்தேன், தம்பி. எல்லாருடனும் சேர்ந்து சிரித்தேன்.

கோட்டைச்சாமி மூன்று மாதம் மாடிக்கு வரக் கூடாது என்று முடிவானது. அவனுக்கும் அது கொஞ்சம் வேண்டியதுதான் என்று அன்று நினைத்தேன். அவ்வளவு விசில் எதற்கு? மூன்று மாதம் ஆன பிறகு டீச்சரே போய்க் கூப்பிட்டிருக்கிறார். "ஆரம்பிச்சவன் யாருன்னு தெரியட்டும் டீச்சர், அப்ப வாரேன்" என்றுவிட்டான். வாசகசாலைக்குக் கீழே டீக்கடை. இரண்டாவது ஞாயிறு நான்கு மணிக்கு அங்கே பெஞ்சில் வந்து உட்கார்ந்து, ஜன்னல் வழியாக விழுகிற கவிதையைக் கேட்டுக்கொண்டிருப்பான். நல்ல வரி வந்தால் கீழேயிருந்து விசில் வரும். ஐந்து மாதமாக இப்படி.

ஏப்ரல் மாதம் டீச்சர் ஒரு போர்டு வைக்கலாம் என்றார். வருகிற எல்லாருக்கும் மரியாதை கிடைக்க வேண்டும், அதற்கு என்ன என்ன வேண்டும் என்று பேசி எழுதினோம். வாசித்து முடிக்கும்வரை யாரும் தட்டக் கூடாது. உச்சரிப்பை, குரலை, உடையைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. தடுமாறுகிறவருக்கு நேரம் கூட்டிக் கொடுக்க வேண்டும். முதல் தடவை வருகிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நல்ல விதிகள். எல்லாம் என் கையெழுத்துதான். எனக்குக் கையெழுத்து நன்றாக வரும், கோடு போட்டது போல.

கடைசி வரியை டீச்சர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'யார் நடத்தையாலாவது மனம் புண்பட்டால் சீனியப்பன் அவர்களிடம் தயங்காமல் சொல்லவும்.' சீனியப்பன் நான்தான். "உங்களைவிட அமைதியான ஆளு யாரு அண்ணாச்சி இருக்காங்க?" என்றார்.

இதுவரை வந்த குறை ஒன்று. மின்விசிறி சத்தம்.

அந்த மார்ச் ஞாயிறு வீட்டுக்குப் போனதும் நோட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். விதியை மீறியது குருவம்மாள், நாற்பது விநாடி. தர்மலிங்கம், எட்டு நிமிஷம். அன்று மட்டும் மூன்று நிமிஷத்தைத் தாண்டினவர்கள் ஏழு பேர். ஏழு பேரில் ஒருத்தருக்குத்தான் நான் தட்டினேன். ஏன் அவளுக்கு மட்டும்? பூட்ட நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களிடமும் அப்படித்தானே சொன்னேன், கொஞ்ச நேரம் முன்னால்?

பதினேழாவது குருவம்மாள். பட்டியலில் பதினெட்டுப் பெயர். பதினெட்டாவது யார் என்று நீங்கள் கேட்கவில்லை.

பதினான்கு மாதம் மற்றவர்களுக்கு நேரம் பார்த்துவிட்டு, அந்த மாதம்தான் நானும் ஒன்று எழுதியிருந்தேன். ஸ்டாண்டை விட்டுப் போன வண்டிகளைப் பற்றி. பெரிதாக ஒன்றும் இல்லை. கைத்தட்டலுக்கு ஆசைப்படுகிற ஆள் இல்லை நான். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பதினொரு தடவை வாசித்துப் பார்த்தேன், அவ்வளவுதான். இரண்டு நிமிஷம் பத்து விநாடி வந்தது. என் மருமகள் கதவைத் தட்டி, "யார்கூட மாமா பேசுறீங்க?" என்று கேட்டாள். பட்டியலில் கடைசியாக, பென்சிலால், சின்னதாக என் பெயரை எழுதியிருந்தேன். தேவைப்பட்டால் அழித்துவிடலாம் என்று.

கணக்கைக் கேளுங்கள். ஐந்து ஐம்பத்தொன்றுக்கு அவள் ஏறினாள். மூன்று நாற்பதில் தட்டினேன். ஆறு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருபது விநாடி இருந்தது. எனக்கு வேண்டியது இரண்டு பத்து. மிச்சம் மூன்று நிமிஷம் பத்து விநாடி. அவள் இரண்டாவது தாளையும் முடித்திருக்கலாம், நானும் வாசித்திருக்கலாம். நேரம் இருந்தது, தம்பி. எண்ணத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் அங்கே, எண்ணவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காயத்து வரியைக் கேட்டதும் எனக்கு என் கவிதை பிடிக்காமல் போய்விட்டது. அதற்கு அடுத்த நொடிதான் தட்டினேன். இதை அவளிடம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அன்று டீச்சர் பேசி முடித்தபோதே ஆறு அடிக்க ஒரு நிமிஷம். "கடைசிப் பெயர் நம்ம அண்ணாச்சி" என்று கூப்பிடத்தான் செய்தார். நான் தலையை ஆட்டிவிட்டு ரப்பரை எடுத்து அழித்துவிட்டேன்.

ஜூன் மாதத்திலிருந்து இந்த வண்டியில் வருகிறேன், அவளிடம் சொல்லிவிட. முதல் ஞாயிறு இறங்கவே இல்லை. ஆலங்குளம் வரை போய் அதே வண்டியில் திரும்பினேன். இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை இறங்கினேன், குழாயில் தண்ணீர் குடித்தேன், எதிர் வண்டியில் ஏறிவிட்டேன். நான்காவது தடவை ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"டைம் சார்! டைம் சார்தான? அன்னைக்கு மேசை போட்டு உக்காந்திருந்தீகளே!"

குருவம்மாள். கையில் பால் தூக்கு.

"ஆமாம்மா" என்றேன்.

"எங்க சார் இம்புட்டுத் தூரம்?"

"சும்மா, ஒரு சொந்தக்காரரைப் பார்க்க."

விடவில்லை. கடையில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தாள். சுற்றி இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அவளுடைய தறிக் குரலில் சொன்னாள்:

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன் சார். அன்னைக்கு எல்லாரும் என்னையக் கேலி பண்ணித்தான் தட்டுனாக. நான் ஒரு கூறுகெட்டவ, திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு நின்னேன். பஸ்ஸுல வரும்போது நெனச்சு நெனச்சு அழுதேன். ஆனா மேல நின்னு பாத்தா எல்லாம் தெரியுது சார். முதல்ல தட்டுனது நீங்கதான். பாத்தேன். அப்ப ஒருத்தரும் சிரிக்கல, நீங்களும் சிரிக்கல. அந்த ஒரு தட்டு மட்டும் நெசம். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சார் இன்னும் எழுதுறேன். இல்லாட்டி அந்தத் தாளை அன்னைக்கே அடுப்புல போட்டிருப்பேன்."

டீ சூடாக இருந்தது. குடிக்க நான்கு நிமிஷம் ஆனது. சொல்வதற்கு அந்த நான்கு நிமிஷம் தாராளமாகப் போதும்.

"நல்ல வரிம்மா அது" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அதைச் சொன்ன நேரம் பொய்.

"டீச்சரம்மா லெட்டர் போட்டாக, மறுபடி வரச் சொல்லி. பயமா இருந்துச்சு, போகல. நீங்க இருப்பீகன்னா வாரேன் சார்" என்றாள்.

இருப்பேன் என்றேன். நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இன்றைக்கு ஆகஸ்ட் இரண்டாவது ஞாயிறு. அவளைக் கூட்டிப்போகத்தான் போகிறேன்.

இரண்டு வாரமாக யோசிக்கிறேன். சொன்னால், அவள் பிடித்துக்கொண்டிருக்கிற அந்த ஒரே தட்டையும் பிடுங்கிக்கொள்கிறேன். சொல்லாவிட்டால், கோட்டைச்சாமி டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பான். அவள் மாடிப்படி ஏறும்போது கீழே அவனைப் பார்ப்பாள். 'இவன்தான் ஆரம்பிச்சவன்' என்று யாராவது காதில் சொல்வார்கள். அவள் உடனே, தறிக் குரலில், "இல்லையே, முதல்ல தட்டுனது டைம் சார்ல்ல" என்பாள். அப்படியும் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் நல்லது என்றுகூட ஒரு ராத்திரி நினைத்தேன், என் வாயால் சொல்ல வேண்டாமே என்று. பாருங்கள், அப்போதும் அவளையே சத்தம் போடவிட்டு நான் மேசைக்குப் பின்னால் உட்காரப் பார்க்கிறேன்.

அதனால் இன்றைய பட்டியலில் முதல் பெயரை நேற்றே எழுதிவிட்டேன். பேனாவால். நாலு மணிக்கு மைக் முன்னால் போய் நின்று, தட்டியது நான், கோட்டைச்சாமி இல்லை என்று சொல்ல வேண்டும். ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லியிருக்கிறேன், கீழே கேட்க வேண்டும் அல்லவா.

ஆனால் அவளுக்கு முன்னாலேயே தெரிய வேண்டும். சபையோடு சபையாக அவள் அதைக் கேட்கக் கூடாது. திரும்புகிற வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், இதே போல, இருபத்தைந்து நிமிஷம் கிடைக்கும். வேண்டாம் என்று பட்டது. ஓடுகிற வண்டியில் சொன்னால் அவளால் எழுந்து போக முடியாது. ஸ்டாப்பிலேயே சொல்லிவிட வேண்டும். கேட்டுவிட்டு வரப் பிடிக்கவில்லை என்றால், வீடு அங்கேயே நடக்கிற தூரத்தில் இருக்கிறது. போய்விடலாம்.

வந்தாள் என்றால், இரண்டு தாளையும் வாசிக்கட்டும். எத்தனை நிமிஷம் ஆனாலும். கடிகாரத்தை இன்று வீட்டில் வைத்துவிட்டு வரலாம் என்று பார்த்தேன். முடியவில்லை, கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

கண்டக்டர் சிரிக்கிறான், பார்த்தீர்களா? "பெரியவரே, சத்திரப்பட்டி வருது. இன்னைக்காவது இறங்குவீங்களா, ஆலங்குளத்துக்கு டிக்கெட் கிழிக்கவா?" என்று கேட்கிறான். கேட்கட்டும்.

இருபத்திரண்டு நிமிஷம் பேசியிருக்கிறேன், தம்பி. நீங்கள் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் எங்களிடம் கேட்டது இன்னும் ஒரு தாள்.

கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்கள், எழுந்திருக்கிறேன். அதோ புளியமரத்துக்குக் கீழே நிற்கிறாள், நீலச் சேலை, கையில் பிளாஸ்டிக் உறை. தாள் நனையக் கூடாது என்று போட்டிருக்கிறாள். என்னை எந்த ஜன்னலில் பார்த்தாளோ, கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கூப்பிடுகிறாள்.

வண்டிச் சத்தத்தை மீறிக் கேட்கிறது பாருங்கள். கை தட்டுகிறாள்.